மூன்றம்பு மோட்டார் சைக்கிளின் உண்மை நகல்

ஒரு நகல் நகல்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அதன் மேல் ஒரு முத்திரை விழ வேண்டும். முத்திரை தானாக விழாது. அதைக் குத்த ஒரு கை வேண்டும், கைக்கு ஓர் ஆள் வேண்டும், ஆளுக்கு நாற்காலி வேண்டும், நாற்காலிக்குக் கூரை வேண்டும். இப்படியே ஒன்றுக்கு ஒன்று தேவைப்பட்டு, கடைசியில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பி, சான்றொப்ப அலுவலகம் என்று போர்டு மாட்டிக்கொண்டது. லிஃப்ட் மட்டும் இன்னும் யாருக்கும் தேவைப்படவில்லை போலிருக்கிறது, அது ஓடுவதில்லை.

அந்தக் கட்டடத்தில் மூன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஊருக்கே அவர் ‘ஒரிஜினல் சார்’. வருகிறவர் யாராக இருந்தாலும், எந்தக் காகிதத்தை நீட்டினாலும், தலையைத் தூக்காமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“ஒரிஜினல் எங்கே?”

ஒரு தையல்காரர் இருந்தார். அவர் வீடும் கடையும் ஒரே தீயில் போயின. கடை லைசென்ஸின் ஜெராக்ஸ் ஒன்று மட்டும் மருமகன் வீட்டில் கிடந்து தப்பித்தது. அதில் ஒரு முத்திரை விழுந்தால் அவர் மறுபடியும் கடை போடலாம். மனுஷன் வந்து நின்றார்.

“ஒரிஜினல் எங்கே?”

“எரிஞ்சு போச்சு சார்.”

“அதுக்கு என்ன அத்தாட்சி?”

“வீடே எரிஞ்சு கரிக்கட்டையா நிக்குது சார். வந்து பாருங்க.”

“வீடு எரிஞ்சதை நான் மறுக்கலை. வீட்டுக்குள்ள ஒரிஜினல் இருந்துச்சுங்கறதுக்கு என்ன அத்தாட்சி?”

“இப்ப சாம்பல்தான் சார் இருக்கு.”

“அப்ப சாம்பலைக் கொண்டு வாங்க.”

தையல்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவில் சாம்பலைக் கொண்டு வந்தார். ஒரிஜினல் சார் டப்பாவைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கவனமாகப் பார்த்தார். “இது லைசென்ஸோட சாம்பலா, அலமாரியோட சாம்பலா? யாராவது பொறுப்பான அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தரணும்” என்று திருப்பிக் கொடுத்தார். இப்படிப் பதினோரு தடவை.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்தாறு வருஷத்தில் யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. அதுதான் ஜனங்களுக்குப் பெரிய வேதனை. லஞ்சம் வாங்குகிற ஆளாக இருந்தால் ஒரு வழி பிறக்கும், நேர்மையான ஆளிடம் போய் எந்தக் கதவைத் தட்டுவது? அவர் தலைக்கு மேலே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சுற்றறிக்கை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதியவரும் அவரே. ‘சான்றொப்பம் பெறாத நகல் எதுவும், எக்காரணம் கொண்டும், எவராலும், நகலாகக் கருதப்படமாட்டாது.’ வாழ்க்கையில் அவர் எழுதிய ஒரே வாக்கியம் அதுதான். மனுஷனுக்கு அதில் அத்தனை பெருமை.

இந்த மனிதருக்கு வீட்டில் ஒரு பைத்தியம் இருந்தது. பழைய மோட்டார் சைக்கிள் கம்பெனிகளின் பின்னு சேர்ப்பது. சட்டையில் குத்திக்கொள்கிற, கட்டை விரல் நகம் அளவு பின்னு. இறக்கை முளைத்த சக்கரம், நாக்கை நீட்டிய சிங்கம், புகை விடும் ஆமை, இப்படி. எல்லாம் என்றைக்கோ இழுத்து மூடிய கம்பெனிகள். அதில் ஒரு கம்பெனி மொத்தமாகச் செய்ததே பதினோரு வண்டி, அதில் பத்து ஸ்டார்ட் ஆகவில்லை. அதன் பின்னும் இவரிடம் இருந்தது. பச்சைத் துணி ஒட்டிய பலகையில் மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.

அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சைக்கிளே தெரியாது. ஆபீசுக்குப் போவது பஸ்ஸில்.

“இத்தனை இருக்கே, இதுல ஒண்ணாவது என்னைக் காய்கறிக் கடை வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போகுமா?” என்று வீட்டுக்காரம்மா கேட்பாள்.

“உனக்கு இதெல்லாம் புரியாது. ஒவ்வொண்ணும் எப்பேர்ப்பட்ட நகல் தெரியுமா?”

ஆமாம், எல்லாமே நகல்தான். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதே இல்லை. பின்னு சேர்க்கிற மற்றவர்கள் நேற்று வார்த்த தகரத்தைக் காட்டி ‘இது ஒரிஜினல், போர்க்காலத்துச் சரக்கு’ என்று கூசாமல் அளப்பார்கள். இவர் அப்படி இல்லை. “என்கிட்ட ஒரிஜினல்னு ஒண்ணுகூடக் கிடையாது. அத்தனையும் சுத்தமான நகல்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். நாள் முழுக்க அடுத்தவன் நகலைச் சந்தேகப்பட்டுவிட்டு வருகிறவருக்கு, எந்தச் சந்தேகமும் இல்லாமல் நகலாக இருக்கிற நூற்று நாற்பத்து மூன்று பொருளைப் பார்த்தால் மனசு குளிர்ந்து போகும். சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பலகை முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது மூன்றம்பு. ஒரு சக்கரம், அதற்குள்ளிருந்து மூன்று அம்பு சீறிக்கொண்டு வரும், கீழே 1927. அந்தக் கம்பெனியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. புத்தகத்திலேயே இல்லாத அளவுக்கு அரிய வண்டி என்று அவர் முடிவு கட்டி, அதற்கு மட்டும் தனியாக ஒரு வெள்ளைப் பஞ்சு வைத்திருந்தார்.

இந்த நிலவரத்தில்தான் அலுவலகத்துக்குப் புது ஆணையர் வந்து சேர்ந்தார். வந்த அன்று அவர் தோல் ஜாக்கெட் போட்டிருந்தார், அதில் நாக்கை நீட்டிய சிங்கம் குத்தியிருந்தது. அவர் வந்து இறங்கியது காரில். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரே வாரம்தான். கட்டடம் முழுக்கத் தோல் ஜாக்கெட் புழுங்க ஆரம்பித்தது. தபால் பிரிவு அம்மா ஹெல்மெட் ஒன்று வாங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கூட்டம் தொடங்கும்போது ‘ஸ்டார்ட் பண்ணலாமா?’ என்று ஆணையர் கேட்பதும், எல்லாரும் வாயாலேயே ‘டுர்ர்ர்’ என்பதும் நடைமுறையாயிற்று. யார் எத்தனை பின்னு குத்தலாம் என்று தகராறு வந்ததால் சுற்றறிக்கையும் வந்தது. உதவியாளருக்கு ஒன்று, எழுத்தருக்கு இரண்டு, கண்காணிப்பாளருக்கு மூன்று, நான்கு ஆணையருக்கு மட்டும்.

அப்போதுதான் யாரோ போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நம்பர் ஜன்னல்காரரிடம் நூற்று நாற்பத்து மூன்று இருக்கிறதாம்.

ஆணையர் கோபப்படவில்லை. மெய்சிலிர்த்துப் போனார். “இப்படி ஒரு பொக்கிஷத்தை வீட்டுல பூட்டி வச்சிருக்கீங்களே, ஐயா! பாரம்பரிய வாரம் நடத்துவோம். நம்ம ஹால்லயே கண்காட்சி.”

“சார், எல்லாம் நகல்தான்.”

“அட, அடக்கத்தைப் பாருங்கய்யா!” என்று ஆணையர் அவர் முதுகில் தட்டினார்.

கண்காட்சியைத் திறந்து வைக்க, எதிர்த் தெருவில் இருக்கும் தொல்பொருள் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. ரிப்பன் வெட்டிய கையோடு பலகையை மோந்து பார்ப்பது போல் குனிந்தார். மூன்றம்பு முன்னால் நின்றுவிட்டார்.

“இதுல ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி இருபத்தேழுன்னு போட்டிருக்கே?”

“போட்டிருக்கும் சார். நகல்தானே.”

“நகல்னு யார் சொன்னது?”

“நான்தான் சொல்றேன் சார்.”

“நீங்க சொல்றது இருக்கட்டும். நகல்னு சான்று இருக்கா?”

ஒரிஜினல் சார் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வி கேட்கப்படுகிற பக்கத்தில் நின்றார். “பின்னுக்கெல்லாம் யாரு சார் சான்று வாங்குவாங்க?”

அதிகாரி மெல்ல நிமிர்ந்து, திறந்திருந்த கதவு வழியாக மூன்றாம் நம்பர் ஜன்னலைப் பார்த்தார். சுவரில் தொங்கிய சட்டத்தைப் படித்தார். சத்தமாகவே படித்தார்.

“சான்றொப்பம் பெறாத நகல் எதுவும், எக்காரணம் கொண்டும், எவராலும், நகலாகக் கருதப்படமாட்டாது. அருமையான வாக்கியம். யார் எழுதினது?”

சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் ‘ஒரிஜினல் சார்!’ என்றார்கள். சில பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள்.

“அப்ப இதெல்லாம் நகல் இல்லை. நகல் இல்லைன்னா என்ன? அசல். எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேற்பட்ட அசல் பொருளை அரசுக்குச் சொல்லாம வச்சிருக்கறது குற்றம். ஒண்ணில்லை, நூத்தி நாப்பத்தி மூணு குற்றம்.” அங்கேயே ஒரு நோட்டீஸ் எழுதிக் கையில் கொடுத்தார். பதினைந்து நாளுக்குள் நகல் என்று சான்றொப்பம் பெற்றுத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் பொருள்கள் பறிமுதல், ஆள் மீது வழக்கு, வேலை இடைநீக்கம். பலகைக்கு அரக்கு சீல் வைத்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரம்மா நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். “ஊர் உலகத்துல போலியை அசல்னு வித்து மாட்டுவான். போலியைப் போலின்னு சொல்லி மாட்டினது நீங்க ஒருத்தர்தான்” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, குரலை இறக்கி, “உங்க ஆபீஸ்தானே? ஒரு முத்திரை குத்தினா முடிஞ்சுது. நாளைக்கே போய்க் குத்திக்கிட்டு வாங்க” என்றாள்.

தன் பொருளுக்குத் தானே முத்திரை குத்தக் கூடாது. அதுவும் அவர் கொண்டுவந்த விதிதான். ஆகவே மறுநாள் காலை ஒரிஜினல் சார் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே போய், வரிசையில் நின்றார். நாலாம் நம்பர் ஜன்னல். அங்கே உட்கார்ந்திருந்தது கண்ணாடி மேடம். பன்னிரண்டு வருஷமாக அவருக்குப் பக்கத்து நாற்காலி. தினமும் அவர் டப்பாவிலிருந்து இவர் ஊறுகாய் எடுத்துக்கொள்வார், அவ்வளவு பழக்கம்.

முக்கால் மணி நேரம் கழித்து முறை வந்தது. பின்னுகளின் படங்களை ஜன்னலுக்குள் தள்ளினார்.

மேடம் தலையைத் தூக்கவில்லை. “ஒரிஜினல் எங்கே?”

“மேடம், நான்தான்.”

“தெரியுது சார். ஒரிஜினல் எங்கே?”

“இதுக்கு ஒரிஜினலே கிடையாது மேடம். அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன். எல்லாம் நகல்.”

“ஒரிஜினலை வச்சு ஒப்பிட்டுப் பார்த்தாத்தானே இது நகல்னு நான் சொல்ல முடியும்? நீங்கதானே சார் எனக்குச் சொல்லியிருக்கீங்க, ஒப்பிடாம குத்தற முத்திரை கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டற மாதிரின்னு?”

“அந்தக் கம்பெனியெல்லாம் மூடி அறுபது எழுபது வருஷம் ஆச்சு மேடம். நான் எங்கே போவேன்?”

“மூடினதுக்கு அத்தாட்சி இருக்கா?”

பின்னால் நின்றவர் “சீக்கிரம் ஆகட்டும் சார், வேலை இருக்குல்ல” என்று முதுகில் இடித்தார். மேடத்தின் முகத்தில் கேலி இல்லை, வன்மம் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். மத்தியானம் ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தி வைத்து, “மனசுல வச்சுக்காதீங்க சார். ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார். அன்றைக்கு ஒரிஜினல் சார் ஊறுகாயைத் தொடவில்லை.

மிச்சம் இருந்த ஒரே வழி, பின்னு செய்கிறவர். பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், ரேடியேட்டர் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில் ஒரு பட்டறை. பள்ளிக்கூட பேட்ஜ், காவலாளி பேட்ஜ், ஓட்டல் சாவிக் கொத்து எல்லாம் அங்கே அச்சில் அடிப்பார்கள். பத்தொன்பது வருஷமாக ஒரிஜினல் சார் அங்கேதான் வாங்கிக்கொண்டிருந்தார். பேட்ஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க சார்! புதுசா கோழி போட்ட கம்பெனி ஒண்ணு அடிச்சிருக்கேன், பாக்கறீங்களா?” என்றார்.

“அதெல்லாம் வேண்டாம். எனக்கு ஒரு கடுதாசி வேணும். இதெல்லாம் நான் செஞ்ச நகல்னு நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

பேட்ஜ்காரர் விரலால் மேலே காட்டினார். பட்டறை வாசலில் போர்டு: ‘இங்கு அசல் பொருள்கள் மட்டுமே.’

“கடுதாசி கொடுத்தா நாளைக்கே என்னைப் போலி அடிச்சவன்னு உள்ள தள்ளுவாங்க சார். எனக்கும் குடும்பம் இருக்கு.”

“சரி, ஒரிஜினல் ஏதாவது வச்சிருப்பீங்களே? அதைப் பார்த்துத்தானே அடிச்சீங்க? அதைக் காட்டுங்க போதும். குறைஞ்சது மூன்றம்புக்காவது.”

பேட்ஜ்காரர் தலையைச் சொறிந்தார். “மூன்றம்பா? அது வந்து சார்…”

“சொல்லுங்க.”

“ஒரு அம்பு எய்யற கிளப்புக்கு பேட்ஜ் ஆர்டர் வந்துச்சு. அச்சு வெட்டினதுக்கப்புறம் கிளப்பைக் கலைச்சுட்டாங்க. அச்சு வீணாப் போகுதேன்னு சுத்தி ஒரு சக்கரத்தைப் போட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே நீங்க வந்தீங்க. கையில எடுத்துக்கிட்டு அப்படியே நின்னுட்டீங்க. ‘இது எந்தக் கம்பெனி?’ன்னு கேட்டீங்க. உங்க முகத்தைப் பார்த்து எனக்கு இல்லைன்னு சொல்ல மனசு வரலை.”

“இருபத்தேழுன்னு வருஷம் போட்டிருக்கே?”

“வருஷமில்லை சார். பட்டறைக் கதவு நம்பர்.”

ஒரிஜினல் சார் திரும்பிப் பார்த்தார். கதவில் நீலப் பெயிண்டில் 1927 என்று இருந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் அவர் உள்ளே வந்து போயிருக்கிறார்.

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது. வழக்கை நினைத்து இல்லை. தன்னிடம் ஒரிஜினலே கிடையாது, அத்தனையும் நகல் என்று ஊர் முழுக்கச் சத்தியம் பண்ணியிருந்தாரே, அது பொய்யாகிவிட்டது. மூன்றம்பு எதற்கும் நகல் இல்லை. அப்படி ஒரு வண்டி எந்தத் தெருவிலும் ஓடியதில்லை. அவரிடம் இருந்ததிலேயே ஒரே ஒரிஜினல் அதுதான்.

பதினான்காம் நாள் ஆணையர் கூப்பிட்டனுப்பினார். அறையில் தொல்பொருள் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு தாள்.

“ஐயா, நமக்குள்ள எதுக்கு வழக்கு கிழக்குன்னு?” என்றார் ஆணையர். “இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ‘என் வசம் உள்ள நூற்று நாற்பத்து மூன்றும் அசல் என்று மனமார உறுதி கூறி, அவற்றை அரசு அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக வழங்குகிறேன்.’ அவ்வளவுதான். குற்றவாளியா இருந்தவரு கொடையாளி ஆயிடுவீங்க. விழா எடுக்கறோம். குரூப் போட்டோ.”

“சார், அது பொய் சார். அத்தனையும் பட்டறையில அடிச்சது. மூன்றம்புன்னு ஒரு கம்பெனியே கிடையாது.”

“கிடையாதுங்கறதுக்கு அத்தாட்சி?” என்றார் தொல்பொருள் அதிகாரி.

“உண்மையைச் சொன்னா ஜெயிலு, பொய் சொன்னா விழாவா சார்?”

“அப்படியெல்லாம் கொச்சையாப் பேசக் கூடாது” என்றார் ஆணையர். “உண்மையைச் சொன்னா வழக்கு. ஜெயிலா இல்லையான்னு கோர்ட் சொல்லும்.”

இருபத்தாறு வருஷத்தில் ஒரு தப்பான தாளில் கையெழுத்துப் போடாதவர் அவர். வீட்டுக்காரம்மாவை நினைத்தார். வேலையை நினைத்தார். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில், பிஸ்கட் டப்பாவில் சாம்பலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல, ஏனோ தெரியவில்லை, தன்னைத் தானே பார்த்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டது. அதிகாரி அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, “அசல்” என்றார்.

விழா ஜோராக நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நூற்று நாற்பத்து மூன்றும் பளபளத்தன. நடுவில் மூன்றம்பு, கீழே பித்தளைத் தகட்டில் ‘அசல், 1927’. ஆணையர் பேச எழுந்தார். பேசிக்கொண்டே வந்தவர் மூன்றம்பைப் பார்த்ததும் எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“எங்க அப்பா,” என்றார், “ஒரு மூன்றம்பு வச்சிருந்தார்.”

முன் வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். “எங்க சித்தப்பாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு!” என்றது ஒரு குரல். “கறுப்பு டாங்க்தானே?” என்றது இன்னொன்று. “சிவப்பும் வந்துச்சுங்க, கொஞ்ச நாள்தான்” என்று மூன்றாவது ஆள் திருத்தினார். கூட்டம் கலைவதற்குள் மூன்றம்பு வாரிசுகள் சங்கம் ஆரம்பித்தாகிவிட்டது. அறுபத்திரண்டு உறுப்பினர்கள். பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் பேட்ஜ்காரர் பழைய போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு ‘1927 முதல்’ என்று புதிதாக மாட்டினார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

விழா முடிந்த மறுநாள் காலை, மூன்றாம் நம்பர் ஜன்னலில், தையல்காரர் பன்னிரண்டாவது தடவையாக வந்து நின்றார். அதே ஜெராக்ஸ். டப்பாவைக் கொண்டு வரவில்லை.

“ஒரிஜினல்…” என்று ஆரம்பித்த ஒரிஜினல் சார் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தையல்காரர் அவசரப்படாமல் சுவரைக் காட்டினார். “சார், நானும் பதினோரு தடவை அதைப் பார்த்துக்கிட்டே நின்னிருக்கேன். நேத்துத்தான் புரிஞ்சுது. சான்றொப்பம் பெறாத நகல் நகலே இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதுல சான்றொப்பம் இல்லை. அப்ப இது நகல் இல்லை. உங்க பின்னு மாதிரியே இதுவும் ஒரிஜினல்தானே?”

ஒரிஜினல் சார் ஜெராக்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பக்கத்து ஜன்னலில் கண்ணாடி மேடம் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இதை மறுத்தால் அன்பளிப்புத் தாளில் போட்ட கையெழுத்தையும் மறுக்க வேண்டும். ஜென்மத்தில் முதல் தடவையாக அவர் அந்த ஜன்னல் வழியாகச் சிரித்தார்.

“நீங்க சொல்றது வாஸ்தவம். இது ஒரிஜினல்தான்.”

“அப்பாடா!” தையல்காரருக்குக் கண் கலங்கியது. “அப்ப முத்திரை குத்துங்க சார்.”

“நாங்க நகலுக்குத்தானே ஐயா முத்திரை குத்துவோம்?” ஒரிஜினல் சார் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். “நகல் எங்கே?”

தையல்காரர் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தாளை வாங்கிக்கொண்டு, தெருவைத் தாண்டி ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, மூச்சு வாங்க, இரண்டு தாளை ஜன்னலுக்குள் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி. ஒரே மங்கல், ஒரே மூலையில் ஒரே மடிப்புக் கோடு.

“இதுல எது ஒரிஜினல்?”

“ஓடி வந்ததுல கலந்துருச்சு சார்.”

இருபத்தாறு வருஷ அனுபவம் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. கடைசியில் ஒரிஜினல் சார் கண்ணை மூடிக்கொண்டு முத்திரையை இறக்கினார். சரியான தாளில்தான் விழுந்திருக்கிறது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். தையல்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே போன தாள்களில் உண்மையானது அது ஒன்றுதான்.

அவர் தலை மறைவதற்குள் ஆணையர் வந்தார். ஆணையர் வரிசையிலா நிற்பார்? ஜன்னலுக்கு உள்பக்கமாக வந்து, நாற்காலி கைப்பிடியில் சாய்ந்துகொண்டார். ஜாக்கெட்டில் புது மூன்றம்பு. கையில் ஒரு தாள்.

“ஐயா, சங்கத்துல என்னைத் தலைவரா இருக்கச் சொல்றாங்க. குடும்பத்துல வண்டி இருந்துச்சுன்னு ஒரு அட்டெஸ்ட் பண்ணின காப்பி வேணுமாம். அப்பாவோட ஆர்.சி. புக்கு. ஒரு குத்து குத்துங்க.”

ஒரிஜினல் சார் வாங்கிப் பார்த்தார். வாகனம்: மூன்றம்பு. ஆண்டு: 1927. எழுத்துகளில் ‘ற’ வருகிற இடமெல்லாம் வால் இல்லாமல் மொட்டையாக இருந்தது. இரண்டாம் மாடி பிரிண்டரில் ஒன்றரை வருஷமாக அந்தக் கோளாறு உண்டு.

“ஒரிஜினல் எங்கே சார்?” என்று மிக மெல்லக் கேட்டார்.

“கிழிஞ்சு போச்சு. ஞாபகத்துல இருந்ததை வச்சு டைப் அடிக்கச் சொன்னேன்.” ஆணையர் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் எதையோ பார்த்தார். கண் நிஜமாகவே ஈரமாக இருந்தது. “சின்ன வயசுல அப்பா என்னை டாங்க் மேல உட்கார வச்சு ஓட்டுவார். அந்தச் சத்தம் இருக்கே… டுக்கு டுக்கு டுக்குன்னு… இன்னும் காதுல இருக்குய்யா.”

ஒரிஜினல் சார் முத்திரையை மையில் அழுத்தினார். தாளில் குத்தினார். நன்றாகப் பதிந்தது. ‘உண்மை நகல்.’

“ஆமா சார்,” என்றார், சும்மா பேச்சுக்கு. “அந்தச் சத்தம் எனக்கும் ஞாபகம் இருக்கு.”

ஆணையர் போய்விட்டார். அடுத்த ஆள் ஜன்னலுக்குள் ஏதோ நீட்டினார். ஒரிஜினல் சார் அதை வாங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். யோசித்து யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே ஞாபகம் இருந்தது.